மைக்கா மட்டமாம், வெனீர் உசத்தியாம்!

வெனீர் போட்டால் அசல், மைக்கா ஒட்டினால் போலி. இப்படி ஒரு வேதவாக்கு நம்ம பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பட்டாசு சீசன் முடிந்து கையில் நாலு காசு நிற்கிற மாதங்களில், நாரணாபுரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டில் இழைப்புச் சத்தம் கேட்கும். பழைய அலமாரியைப் புதுசாக்குகிறார்கள். போய் நின்றால் இந்த வசனம் காதில் விழாமல் திரும்ப முடியாது. "மைக்காவா? அது காகிதம்லா அண்ணாச்சி! வெனீர்னா மரம்!"

இந்த வசனம் பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட அதிகச் செலவு வைக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் மைக்கா கட்சியும் இல்லை, வெனீர் கட்சியும் இல்லை. மேலே எதை ஒட்டலாம் என்று மணிக்கணக்கில் சண்டை போட்டுவிட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம்கூடக் குனிந்து பார்க்காத கட்சிக்கு நான் எதிரி. அந்தக் கட்சிதான் இப்போது மெஜாரிட்டியில் இருக்கிறது!

சரி, மேட்டருக்கு வருவோம்.

நம்ம ஊர்க்காரனுக்கே தெரியாதா?

மற்ற ஊர்க்காரன் ஏமாந்தால் பரவாயில்லை. சிவகாசியை ஒட்டிக் குடியிருக்கிறவன் ஏமாறக்கூடாது. ஏனென்றால் மைக்காவும் வெனீரும் நாம் தினமும் பார்க்கிற இரண்டு தொழில்களின் தம்பிகள்.

முதலில் மைக்கா. அதன் உண்மையான பெயர் லேமினேட். சன்மைக்கா என்பது ஒரு கம்பெனியின் பிராண்ட். நகல் எடுப்பதையெல்லாம் ஜெராக்ஸ் என்று சொல்வதுபோல இதுவும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மைக்கா என்றால் அபிரகம், நம் பாட்டிமார்கள் காக்காப்பொன் என்பார்களே, அது. ஆனால் இந்த ஷீட்டில் காக்காப்பொன் ஒரு பொட்டுகூடக் கிடையாது. 1912-ல் அமெரிக்காவில் டேனியல் ஓகானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இரண்டு இன்ஜினியர்கள், மின்சாரக் கருவிகளில் காப்புக்காக வைக்கும் மைக்காவுக்குப் பதிலாக ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். மைக்காவுக்குப் பதில் என்பதைத்தான் ஃபார்மைக்கா என்று பெயராக வைத்தார்கள். மைக்கா இல்லை என்று சொல்ல வந்த பெயரே நம் ஊரில் மைக்கா ஆகிவிட்டது.

அதை எப்படிச் செய்கிறார்கள்? பழுப்பு கிராஃப்ட் காகிதத்தை ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசினில் முக்கி, பல அடுக்குகளாக அடுக்குகிறார்கள். அதற்கு மேலே டிசைன் அச்சடித்த காகிதம், மெலமைன் பிசினில் முக்கியது. அதற்கும் மேலே தேய்மானம் தாங்க ஒரு மெல்லிய கண்ணாடி போன்ற தாள். எல்லாவற்றையும் சூட்டில் வைத்து பெரிய பிரஸ்ஸில் நசுக்கினால் 1 மி.மீ. கனத்தில் கல் மாதிரி ஒரு பலகை. தேக்கு ரேகை, ரோஸ்வுட் ரேகை, கல், துணி, எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

அச்சடிக்கலாம்! அதாவது நம்ம தொழில். நான் படிப்பது அச்சுத் தொழில்நுட்பம். முதல் வருஷத்திலேயே கையில் லென்ஸைக் கொடுத்துவிடுவார்கள். காலண்டரில் இருக்கும் முருகனின் கன்னத்தை லென்ஸில் பார்த்தால் புள்ளி புள்ளியாக மை தெரியும். மைக்கா ஷீட்டின் தேக்கு ரேகையை லென்ஸில் பார்த்தாலும் மைதான் தெரியும். லென்ஸ் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஷீட்டில் இருக்கிற ஒரு கணுவைக் குறித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளித் தேடுங்கள். அதே கணு, அதே வளைவோடு, மறுபடியும் வரும். சிலிண்டர் ஒரு சுற்று சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். மரம் இப்படித் தன்னையே காப்பி அடிக்காது.

அடுத்து வெனீர். வெனீர் என்றால் மரத்தைச் சீவி எடுத்த தோல். இதை நம்ம ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து 1923-ல் இங்கே ஆரம்பித்தார்கள் என்பது சிவகாசியில் பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த கதை. அந்தத் தீப்பெட்டி எதில் செய்தது? அட்டை வருவதற்கு முன்னால் உட்பெட்டியும் மேல்கூடும் மரச்சீவல்தான். உருட்டுக்கட்டையை லேத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, நீளக் கத்தியை வைத்தால் பாய் விரிகிற மாதிரி மரம் உரிந்து வரும். அதை மடக்கி, நீலக் காகிதம் சுற்றி, வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பெட்டி ஒட்டினார்கள். தீக்குச்சியும் இப்படி உரித்த மரத்தைப் பொடிசாக நறுக்கியதுதான். இன்று தேக்கு வெனீர் என்று கண்ணாடி ஷோரூமில் ஏசி போட்டு விற்கிறார்களே, அது இந்தக் குடும்பம்தான். ஒன்று மட்டும் வித்தியாசம்: நல்ல ரேகை வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் சுற்றி உரிக்காமல் வாழைக்காய் சீவல் போல நேராகச் சீவுகிறார்கள்.

ஆக, ஒன்று காலண்டருக்குத் தம்பி, இன்னொன்று தீப்பெட்டிக்குத் தம்பி. இதில் எங்கிருந்து வந்தது உசத்தி, மட்டம்?

அரை மில்லிமீட்டர் அசல்

"ஆனாலும் வெனீர் மரம்தானே?" என்பீர்கள். ஆமாம், மரம்தான். எவ்வளவு மரம்? சாதாரணமாக அரை மில்லிமீட்டர். கல்யாணப் பத்திரிகை அட்டை அதைவிடக் கொஞ்சம்தான் மெலிது. அந்த அரை மில்லிமீட்டரை, விலை மலிவான பிளைவுட் முதுகில் ஒட்டி, மொத்தம் 4 மி.மீ. கனத்தில் 8-க்கு 4 அடி ஷீட்டாகக் கடையில் விற்கிறார்கள். எட்டில் ஏழு பங்கு வேறு ஏதோ ஒரு மரம், ஒரு பங்குதான் நீங்கள் காசு கொடுத்த தேக்கு.

அந்த ஒரு பங்காவது தேக்கா? அதற்கும் கியாரண்டி இல்லை. ரீகான் வெனீர் என்று ஒரு ரகம் இருக்கிறது. சீக்கிரம் வளர்கிற மெல்லிய மரத்தைச் சீவி, சாயத்தில் ஊறவைத்து, அடுக்கி ஒட்டிக் கட்டையாக்கி, அந்தக் கட்டையை மறுபடி சீவினால் அசல் தேக்கு மாதிரி, அசல் கருங்காலி மாதிரி ரேகை வரும். இது மோசடி இல்லை, ரீகான் என்று சொல்லித்தான் விற்க வேண்டும், நல்ல கடைக்காரர் சொல்லித்தான் விற்கிறார். ஆனால் வாங்கிவந்து ஒட்டியபிறகு வீட்டுக்காரர் வாயில் அது 'அசல் மரம்' ஆகிவிடுகிறது. காகிதத்தில் சாயம் ஏற்றினால் போலி, மெலிந்த மரத்தில் சாயம் ஏற்றினால் அசல். நல்ல நியாயமய்யா இது!

கடைசியாக ஒன்று. வெனீரை அப்படியே விடமுடியாது. மெலமைன் பாலிஷோ, பி.யு. பாலிஷோ அடித்தே ஆகவேண்டும். இல்லையென்றால் முதல் காப்பிக் கறையிலேயே கதை முடிந்துவிடும். அப்படியென்றால் நீங்கள் தினமும் கையால் தடவிப் பெருமைப்படுவது மரத்தை இல்லை, மரத்துக்கு மேலே காய்ந்த பிசினை. மைக்காவிலும் நீங்கள் தடவுவது மெலமைன் பிசினைத்தான்.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல பாயிண்டும் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். மைக்கா ஆழமாகக் கீறினாலோ மூலை உடைந்தாலோ சரிசெய்ய முடியாது, ஷீட்டையே மாற்றவேண்டும். வெனீரில் மேலாகக் கீறல் விழுந்தால் லேசாகத் தேய்த்து மறுபடி பாலிஷ் போடலாம். நேர் சூரிய வெளிச்சம் படாத வரவேற்பறையில், குழந்தைகள் பந்து எறியாத வீட்டில், வெனீர் நிஜமாகவே அழகுதான். இரண்டு ஷீட் ஒரே மாதிரி இருக்காது என்பது ஒரு சுகம். ஆனால் 'தேய்த்துக்கொண்டே இருக்கலாம்' என்று நினைப்பவர்கள் அரை மில்லிமீட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினை வைத்து இரண்டு இழுப்பு அதிகமாக இழுத்தால் தேக்கைத் தாண்டி அடிப்பலகை பல்லைக் காட்டும்.

தேக்குக்கு மேலே தேக்குப் படம்

இப்போது மைக்கா கட்சிக்காரர்கள் கைதட்ட ஆரம்பித்திருப்பீர்கள். நிறுத்துங்கள். உங்களுக்குத்தான் பெரிய பூசை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கல்யாணத்துக்காக வீட்டைப் புதுப்பித்தார்கள். சுவரோடு பதித்த அலமாரி, தாத்தா காலத்தது. பச்சை எனாமல் பெயிண்ட் நாலைந்து கோட் ஏறி, பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. வந்தவர் கதவை ஒரு தட்டு தட்டிவிட்டு "மைக்கா ஒட்டிரலாம், ரெண்டே நாளு" என்றார். ஒட்டுவதற்காகப் பெயிண்டைச் சுரண்டும்போது கதவின் தலைமாட்டில் மரத்தின் வெட்டுமுகம் தெரிந்தது. வளையம் வளையமாக, எண்ணெய் வாசத்தோடு, ஒரே பலகையில் தேக்கு. அதைப் பார்த்தபிறகும் கை நிற்கவில்லை. ஷீட் வாங்கியாச்சே! தேக்குக்கு மேலே பசை தடவி, தேக்கு ரேகை அச்சடித்த காகிதத்தை ஒட்டினார்கள். உள்ளே நிஜம், வெளியே அதனுடைய போட்டோ. உயிரோடு இருக்கிற மனுசனுக்கு மாலை போட்டு அவர் படத்தை அவர் முகத்திலேயே மாட்டின மாதிரி இருந்தது எனக்கு.

நான் எதிர்ப்பது இதைத்தான். அந்தக் காலத்தில் அலமாரி என்றால் முழு மரம்தான். வசதிப்பட்டவர்கள் தேக்கில் செய்தார்கள். மற்றவர்கள் வேம்பிலும் பூவரசிலும் வாகையிலும் செய்தார்கள். வேம்பு எளிதில் உளுக்காது என்று தெரிந்துதான் வைத்தார்கள். எத்தனையோ கோடை பார்த்து, இனி சுருங்கவேண்டியது எல்லாம் சுருங்கி முடித்த பலகை அது. அப்படிக் காய்ந்த மரத்தை இன்று கடையில் காசு கொடுத்தாலும் சுலபமாக வாங்க முடியாது. அதன் தலையில் 1 மி.மீ. பிளாஸ்டிக் காகிதத்தை ஒட்டி, முப்பது வருஷத்துக்கு அது என்ன மரம் என்றே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் செய்வது புதுப்பித்தல் இல்லை. அது புதைத்தல்.

கண்டுபிடிப்பது ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை. கதவைத் திறந்து விளிம்பைப் பாருங்கள். முகப்பில் ஓடுகிற ரேகை விளிம்பிலும் தொடர்ந்து, வெட்டுமுகத்தில் வளையமாக முடிந்தால் முழு மரம். விளிம்பில் சாண்ட்விச் மாதிரி அடுக்குகள் தெரிந்தால் பிளைவுட். பொட்டுக்கடலையை நசுக்கி ஒட்டின மாதிரி இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. விளிம்பே தெரியாமல் பட்டி அடித்திருந்தால் கீலைக் கழற்றி, கீல் உட்கார்ந்த குழிக்குள் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும், நிபுணர் வேண்டாம்.

முழு மரமாக இருந்தால்? இரண்டும் வேண்டாம். பெயிண்டை எடுங்கள், தேயுங்கள், அரக்கு பாலிஷ் போடுங்கள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணி உருண்டையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற பழைய பாலிஷ். தண்ணீர் படுகிற இடம் என்றால் வேறு பாலிஷ் போடலாம். தப்பாகிவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம், அதுதான் அரக்கின் அருமை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய எனாமல் பெயிண்டைக் காய்ந்தபடி மெஷின் போட்டுத் தேய்க்காதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியே 2016-ல்தான் வந்தது, 2017 நவம்பரில்தான் அமலானது. தாத்தா காலத்துப் பச்சை பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருக்குமோ! அந்தத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஈரம் வைத்துத் தேயுங்கள், அல்லது ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள். வேலை முடிகிறவரை பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள்.

வண்டிக்குள் அலமாரி

இந்தச் சண்டை இப்போது வீட்டைத் தாண்டி வண்டிக்குள்ளும் ஏறிவிட்டது. கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் ஷூட்டிங்கில் ஓய்வெடுக்கிற வண்டி என்றுதான் நமக்குத் தெரியும். 2021-ல் கேரளா கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. அதற்குப் பிறகு நம்ம பக்கமும் ஆசை தொற்றிக்கொண்டது. குடும்பத்தோடு திருச்செந்தூர், குற்றாலம், மூணாறு என்று போகிறவர்கள், வேனுக்குள்ளேயே படுக்கை, சின்ன சமையல் மேடை, சுற்றிலும் அலமாரி என்று கேட்கிறார்கள். (வண்டியின் அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றவேண்டும். அதை விட்டுவிட்டு அலமாரிக் கலர் பார்ப்பது தாலி வாங்காமல் மண்டபம் பார்ப்பது மாதிரி.)

எங்கள் பெரியப்பா மகன் அப்படி ஒரு பழைய வேனை, உள்ளே அலமாரிகளோடு வாங்கினான். அலமாரி ஓட்டை உடைசல் இல்லை, மேலே ஒட்டியிருந்ததுதான் விளிம்பு விளிம்பாகத் தூக்கியிருந்தது. "தம்பி, இதை எல்லாம் உரிச்சிட்டு தேக்கு வெனீர் போட்டுருவோம்டா, பார்க்க ரிச்சா இருக்கும்" என்றான். அண்ணனிடம் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் எடை. 1 மி.மீ. மைக்கா, 8-க்கு 4 ஷீட், ஏறக்குறைய 4 கிலோ. அதே அளவில் 4 மி.மீ. வெனீர் பிளை ஏறக்குறைய 7 கிலோ. மரம் லேசு, மைக்கா கல் மாதிரி கனம் என்று நினைத்திருப்பீர்கள். மைக்கா கனமான பொருள்தான், ஆனால் மெலிது. ஆறு ஷீட் என்றால் 24-க்கு எதிராக 42. வீட்டுச் சுவரில் 18 கிலோ ஒரு பொருட்டே இல்லை. வண்டியில் அந்த 18 கிலோவை வாழ்நாள் முழுக்க டீசல் போட்டு இழுக்கவேண்டும். அதுவும் தலைக்கு மேலே தொங்கும் அலமாரியில் ஏறினால், வளைவில் வண்டி சாய்வதற்கு நாமே கைகொடுத்த மாதிரி. முதுகு இல்லாத வெறும் வெனீர் தோல் ஷீட்டுக்கு ஒரு கிலோதான் வரும். ஆனால் அதைப் பழைய கதவில் கொப்புளம் இல்லாமல் ஒட்ட பிரஸ் வேண்டும், கைப்பழக்கம் வேண்டும்.

இரண்டாவது, இடைவெளி. 4 மி.மீ. கனத்தை ஒவ்வொரு கதவிலும் ஏற்றினால் மூலையில் கதவும் கதவும் இடிக்கும், கீல் மாற்றவேண்டும், தாழ்ப்பாள் மாற்றவேண்டும்.

மூன்றாவது, வெயில். கந்தகபூமி வெயிலில் தகரக் கூண்டு. சித்திரை மத்தியானம் கண்ணாடி ஏற்றிவிட்டு நிறுத்தினால் உள்ளே என்ன சூடு என்று ஸ்டியரிங்கைத் தொட்டவனுக்குத் தெரியும். ராத்திரி மூணாறில் நிறுத்தினால் ஈரக் குளிர். மரத் தோல் இந்த ஆட்டத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும், மேலே இருக்கிற பாலிஷ் பொறுமை இழந்து வெடிக்கும். மைக்காவும் கொஞ்சம் விரிந்து சுருங்கத்தான் செய்யும், ஆனால் பாலிஷ் வெடிக்கிற பிரச்சினை அதில் இல்லை.

ஆகவே வண்டிக்கு மைக்கா. ஆனால் ஒழுங்காக மைக்கா! ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வில்லாக வளையும். உள்பக்கமும் 0.6 அல்லது 0.8 மி.மீ. லைனர் ஒட்டவேண்டும். இதை மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் அப்புறம் 'மைக்கா மட்டம்' என்கிறார்கள். பழைய ஷீட் எங்குமே தூக்காமல் கெட்டியாக இருந்தால் அதைச் சொரசொரப்பாகத் தேய்த்து அதன்மேலேயே ஒட்டலாம். எங்காவது தூக்கியிருந்தால் உரித்தே ஆகவேண்டும், இல்லையென்றால் பழையது புதியதையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வரும். ஆட்டத்தில் முதலில் விடுவது விளிம்புதான், அதனால் நான்கு விளிம்பிலும் எட்ஜ் பேண்ட். பசை வாங்கும்போது சூடு தாங்கும் அளவு டப்பாவில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஷீட்டில் ஐ.எஸ். 2046 முத்திரை, புதுப் பலகை மாட்டுகிற இடத்தில் தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 பிளைவுட். அவ்வளவுதான்.

ஏற்கெனவே வண்டியில் நல்ல வெனீர் இருந்து, ஓரிரு இடத்தில் மட்டும் கிளம்பியிருந்தால்? அதையும் உரிக்காதீர்கள். கிளம்பிய இடத்தில் பசையைச் செலுத்தி, மேலே பலகை வைத்து இறுக்குங்கள். லேசாகத் தேய்த்து ஒரு கோட் பாலிஷ். அதற்கு மேலே மைக்கா ஒட்டக் கிளம்புகிறவர், மேலே சொன்ன தேக்குக் கல்யாண வீட்டுக்காரருக்குச் சொந்தக்காரர்.

யாருடைய மூச்சு?

இதுவரை சொன்னது காசு, அழகு, எடை. இனிமேல் சொல்வதுதான் முக்கியம். இதைப் பற்றி எந்தக் கட்சியும் பேசுவதில்லை.

ரப்பர் பசை என்று மஞ்சளாக ஒன்று வருகிறதே, இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, அமுக்கினால் சட்டென்று பிடிக்கும். அந்தக் காய்தல் என்பது என்ன? பசையில் இருக்கிற டொலுவீன் போன்ற கரைப்பான்கள் காற்றில் கலப்பதுதான். வண்டிக்குள் உட்கார்ந்து, தூசு ஒட்டிவிடக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நாள் முழுக்க அதைத் தடவுகிறவருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். வருஷக்கணக்கில் இழுத்தால் நரம்பைத் தாக்கும். அந்த ஆவி எளிதில் தீப்பிடிக்கும். மூடிய கூண்டுக்குள் ஒரு பீடி போதும், ஒரு சுவிட்ச் பொறி போதும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியைப் பார்த்த மாவட்டம் இது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். வெடிமருந்து அறைக்கு எத்தனை வாசல், எத்தனை பேர் என்று விதி பேசத் தெரிந்த நமக்கு, பசை டப்பாவும் ஒரு மருந்துதான் என்பது ஏன் உறைக்கவில்லை?

மரத்தூசு பற்றிச் சொல்லவா? புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் மரத்தூசை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ல் சேர்த்தது. பிளைவுட் பசையில் இருக்கிற ஃபார்மால்டிஹைடை 2004-ல் அதே பட்டியலுக்கு உயர்த்தியது. நம்ம ஆசாரிமார்கள் முகத்தில் என்ன இருக்கிறது? ஒரு துண்டு. அதுவும் வேர்வை துடைக்க.

மைக்காவானால் பசை ஆவி, அறுக்கும்போது பிசின் தூசு. வெனீரானால் தேய்ப்புத் தூசு, அதோடு பாலிஷ் ஸ்ப்ரே. எதை எடுத்தாலும் நோவு ஒட்டுகிறவருக்கு, பெருமை வீட்டுக்காரருக்கு. 'இயற்கைப் பொருள்' என்று வெனீரைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள், அதற்கு பி.யு. அடிக்கிற பையனின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து இயற்கை பற்றிப் பேசட்டும்.

பெரிய செலவு இல்லை அய்யா. வண்டி வேலையென்றால் எல்லாக் கதவையும் திற, முடிந்தால் அலமாரிக் கதவுகளைக் கழற்றி வேப்பமரத்தடியில் வைத்து வேலை செய். தட்டையான கதவுகளுக்கு ரப்பர் பசையே வேண்டாம். வெள்ளைப் பசை தடவி, ராத்திரி முழுக்க எடை ஏற்றி வைத்தால் போதும், ஒரு நாள் அதிகம் ஆகும், அவ்வளவுதான். தூசுக்கு ஒரு முகமூடி, ஆவிக்குக் கரி வடிகட்டி வைத்த வேறு முகமூடி, இரண்டின் விலையையும் கொட்டேஷனில் முதல் வரியாகப் போடச் சொல்லுங்கள். ஷீட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள், "முகமூடிக்குத் தனியாவா?" என்று பேரம் பேசினால், அந்த வீட்டு அலமாரி எதில் ஜொலித்தாலும் எனக்கு அது மட்டம்தான்.

கடைசியாக

அலமாரியைத் தூக்கிக் குப்பையில் போடாமல் புதுப்பிக்க நினைக்கிறீர்கள் பாருங்கள், அதுவே பாதி புண்ணியம். நல்ல பெட்டியை வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் மாற்றுவதுதான் பூமிக்கும் பர்ஸுக்கும் நல்லது. மைக்காவும் மக்காது, பாலிஷ் ஏறிய வெனீர் பிளையும் சுலபத்தில் மக்காது. மக்காத பொருளுக்குச் செய்யக்கூடிய ஒரே மரியாதை, அதை ஒரு தடவை மட்டும் வாங்கி ரொம்ப நாள் வைத்திருப்பதுதான்.

அதனால் ஆள் வந்து கதவைத் தட்டிப் பார்க்கும்போது, "மைக்காவா, வெனீரா?" என்று அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். அடியில் என்ன மரம்? இது நிற்கிற அலமாரியா, ஓடுகிற அலமாரியா? ஒட்டுகிறவர் எந்தக் காற்றை மூச்சு விடப்போகிறார்?

அடியில் முழு மரம் என்றால் எதையும் ஒட்டாதே. ஓடுகிற வண்டி என்றால் இரண்டு பக்கமும் மைக்கா. வெயில் படாத வீட்டில், பிளைவுட் அலமாரிக்கு, காசும் பொறுமையும் இருந்தால் வெனீர் தாராளமாகப் போடு, யார் தடுத்தது? ஆனால் தயவுசெய்து அதை அசல் என்று மட்டும் சொல்லாதே. காலண்டர் அடிக்கிற ஊரிலும் தீப்பெட்டி ஒட்டுகிற ஊரிலும் நின்றுகொண்டு அதைச் சொன்னால் சிரித்துவிடுவார்கள் :-)